எமகண்டத்தில் திறந்த தளம்

ஒரே கடைக்கு மூன்று இணையதளம் எதற்கு என்று என்னிடம் கேட்காத வாடிக்கையாளர் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஒன்று என் லேப்டாப்பில் மட்டும் இருப்பது. அதை நான் உடைக்கலாம், ஒட்டலாம், யாருக்கும் தெரியாது. அதற்கு லோக்கல் என்று பேர். இரண்டாவது, என் சர்வரில் இருக்கும் ஒத்திகைத் தளம், ஸ்டேஜிங் என்போம். பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும், ஆனால் அதில் போடுகிற ஆர்டர் எங்கும் போய்ச் சேராது. மூன்றாவதுதான் ஊர் உலகம் பார்க்கிற அசல், புரொடக்‌ஷன். மூன்றிலும் நிரல் ஒன்றேதான். எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், மெயில் யாருக்குப் போக வேண்டும், பக்கத்தின் தலையில் எச்சரிக்கைப் பட்டை தெரிய வேண்டுமா கூடாதா என்று சொல்கிற கான்ஃபிக் கோப்பு மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும். முப்பது வரி இருந்தால் அதிகம். என் நிம்மதியில் பாதியைத் தின்றது அந்த முப்பது வரிதான்.

இதில் நான் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவள். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு லாரி முன்பதிவு ஆபீசுக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். ஸ்டேஜிங்கின் கோப்பில் மெயில் வரியை மாற்ற மறந்துவிட்டு, ஒத்திகைக்காக "உங்கள் சரக்கு தயார், உடனே வரவும்" என்று ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தேன். அது நிஜமான டிரைவர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. அரை மணி நேரத்தில் யார்டு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, உள்ளே ஒரு மூட்டைச் சரக்கு இல்லை. அன்றைக்கு நான் வாங்கிய வசவுகளில் சிலவற்றுக்கு எனக்கு இன்றுவரை பொருள் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று ஏற்பாடு செய்தேன். ஸ்டேஜிங்கிலிருந்து கிளம்பும் எந்த மெயிலும் வெளியே போகாமல் ஒரு டம்மி பெட்டியில் போய் விழும். தினமும் விடிகாலை நாலு மணிக்கு அசலின் தகவல்கள் ஸ்டேஜிங்கில் நகலாகும். முந்தின நாள் அதில் போட்டு விளையாடியதெல்லாம் அழிந்துவிடும். பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டை ஒன்றில் "சோதனைத் தளம், ஆர்டர் செய்ய வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் தெரியும். இந்த மூன்றையும் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

அந்தத் திமிரோடுதான் மக்ரூன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாத்தான்குளத்திலிருந்து இளவயதில் இங்கே வந்து பேக்கரி போட்டவர். எங்கள் ஊர் மக்ரூன் உங்களுக்குத் தெரிந்திருக்கும், முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும். கூரியரில் போட்டால் பாதி நொறுங்கும், பிரித்து வைத்தால் கடல் காற்றுக்கு நமத்துப்போகும். அதை ஆன்லைனில் விற்கலாம் என்று சொன்னது அண்ணாச்சி இல்லை, அவர் மகள். கோயம்புத்தூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வந்து, கடையின் பின்னறையை ஒழித்து, பெட்டிகள், நுரைத்தாள், தராசு எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டாள். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு தவணை கொடுத்தார். என் முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் நடத்திப் பாரு. ஓடலன்னா கோயம்புத்தூருக்கே போயிரணும். பெறவு கடை கிடைன்னு எங்கிட்டப் பேசக் கூடாது."

அவள் சரி என்றாள். அவளுக்கு அந்தக் கடை வேண்டும். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் பின்னறையில் அவள் பெட்டி மடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆர்டர் வந்த உடனே காசு வாங்கக் கூடாது. கடையிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டுப் பேச வேண்டும். என்றைக்கு வேண்டும், வீட்டில் விசேஷமா, இது முட்டை சேர்த்த பண்டம் என்று தெரியுமா என்றெல்லாம் கேட்டு, அவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் ஆர்டர் போட்டதும் "நன்றி, கடையிலிருந்து உங்களை அழைப்போம்" என்று ஒரு பக்கம் வரும்படி செய்து கொடுத்தேன். அந்த அழைப்பு மகளின் பொறுப்பு என்று முடிவாயிற்று.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை, ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். இணையதளத்துக்கு என்ன திறப்பு விழா என்று நான் கேட்கவில்லை, கேட்டுப் பயனில்லை என்று தெரியும். முந்தின நாள் சாயங்காலமே அசல் தளத்தின் முகவரியைப் புது சர்வரோடு இணைத்துவிட்டேன். அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். என் அறையில் வந்துவிட்டது. கடையின் இணைப்பில் வரவில்லை. ஒன்பதரைக்கு வரவில்லை, ஒன்பதேமுக்காலுக்கு வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. குத்துவிளக்கு எரிகிறது, தட்டில் கற்பூரம் தயார், மாஸ்டர்கள் எல்லாம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாக நிற்கிறார்கள், அண்ணாச்சி நிமிஷத்துக்கு ஒருதரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து என்னைப் பார்க்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பத்தேகாலுக்கு, போதுமடா சாமி என்று ஸ்டேஜிங்கைத் திறந்து வைத்தேன். பார்வைக்கு அதுவும் அதேதானே, கற்பூரத்துக்கு வித்தியாசம் தெரியப் போகிறதா. ஆனால் தலையில் சிவப்புப் பட்டை. அண்ணாச்சி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் முதலாகக் கடை திறக்கும்போது "வேண்டாம்" என்று ஒரு எழுத்து தெரியலாமா, அபசகுனம் என்றார். எடுக்கக் கூடாது என்று வாதாட நேரமில்லை, ராகு காலத்துக்கு எட்டு நிமிஷம்தான் இருந்தது. கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். பட்டை தெரியலாமா என்ற வரியில் "ஆம்" என்றிருந்ததை "இல்லை" என்று மாற்றினேன். பட்டை போயிற்று. லேப்டாப்பின் மூலையில் சந்தனமும் குங்குமமும் ஏறின. கற்பூரம் காட்டினார்கள். அண்ணாச்சி தன் போனிலும் அதே பக்கத்தைத் திறந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எனக்கு ஒரு தட்டில் கேசரி வந்தது, லாரி ஆபீசிலிருந்து போன் வந்தது, பேசிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அசல் தளம் கடையில் தெரிய ஆரம்பித்தபோது மணி நாலு. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அந்த முகவரியைப் பெட்டியில் அச்சடித்தாள், கடை வாசலில் ஒட்டினாள். நாங்கள் இருவரும் இனிமேல் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைத்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரத்தில் சென்னையிலிருந்து இரண்டு ஆர்டர், மதுரையிலிருந்து ஒன்று. இரண்டாவது வாரம் அதுவும் இல்லை. மகள் தினமும் எனக்குப் போன் செய்வாள். அக்கா, தளம் ஓடுதா. ஓடுது. ஆர்டர் போட்டா எனக்கு வருமா. வரும். நீங்க போட்டுப் பாருங்க. போட்டுப் பார்த்தேன், வந்தது. மறுநாள் மறுபடி அதே போன். அவள் அசல் தளத்திலேயே விலையை மாற்றுவாள், படத்தை மாற்றுவாள், ஏதோ ஒன்று கோணிக்கொண்டு நிற்கும், நான் போய் நிமிர்த்த வேண்டும். அசலில் நேரடியாகக் கை வைக்காதே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். எதைச் சொல்லி என்ன, பயந்துபோயிருந்தவள் எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருப்பாள்.

அந்த நாட்களில் ஒருமுறை வேறு வேலையாக ஸ்டேஜிங்கைத் திறந்தேன். உடன்குடி முகவரியோடு ஒரு ஆர்டர் இருந்தது, இரண்டு கிலோ. இவள்தான் இங்கேயும் புகுந்து சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்கு வந்ததே கோபம். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடிந்தால் எப்படியும் அழியப்போவதை அப்போதே என் கையால் அழித்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோயம்புத்தூர் கம்பெனிக்குப் பேசு, தீபாவளி முடிந்ததும் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல். பின்னறை முந்திரி மூட்டை வைக்கத் தேவைப்படுகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சாதாரணமாகச் சொன்னார் அக்கா என்று என் அறைக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை. என் மேசையில் இருந்த துருப்பிடித்த பென்டிரைவை எடுத்து மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"சொந்தக்காரங்ககூட ஒருத்தரும் வாங்கல அக்கா. அப்பா அத்தன பேருக்கும் லிங்க் அனுப்பிச்சாங்க."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். முந்தின வாரம் ஒரு கல்யாண வீட்டில் உடன்குடி அத்தை, அதாவது அண்ணாச்சியின் அக்கா, இவளைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். இவளே போய்ப் பேசியதற்கு, ஊரிலிருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேச நேரமிருக்கிறது, எங்களைக் கூப்பிட மட்டும் நேரமில்லை, சரி இருக்கட்டும் என்றாளாம். அண்ணாச்சி வேறு, ஒரு கிலோ வாங்க மனசில்லாதவர்களோடு என்ன பேச்சு என்று பந்தியில் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டாராம். குடும்பமே இரண்டாக நிற்கிறது, யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

உடன்குடி என்றதுமே நான் என் கையால் அழித்த அந்த இரண்டு கிலோ ஆர்டர் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. அத்தை தப்பாக எதையோ அழுத்தியிருப்பாள், என் தளத்தில் தப்பே இல்லை, மூன்று இடத்திலும் சரியாக ஓடுகிறது என்று சாதித்தேன். அவள் அங்கேயே அத்தைக்குப் போன் போட்டு, எந்தப் பக்கத்தில் வாங்கினீர்கள் என்று படம் அனுப்பச் சொன்னாள். அத்தை முதலில் வைது தீர்த்தாள், பிறகு அனுப்பினாள். "நன்றி, கடையிலிருந்து உங்களை அழைப்போம்." மேலே முகவரி, என் ஸ்டேஜிங்கின் முகவரி.

கூப்பிடுவோம் என்று சொன்ன கடை கூப்பிடவில்லை. கூப்பிடாத கடைக்கு இவர்களாகப் போன் செய்து என் மக்ரூன் எங்கே என்று கேட்பார்களா? செத்தாலும் கேட்க மாட்டார்கள். அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போவதைப் போல் ஆகிவிடும் அது. மனசுக்குள் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்புவார்கள். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், எனக்குத் தெரியாதா.

லேப்டாப்பை அணைக்காமலே தூக்கிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். காலை பதினோரு மணி, கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். எந்த முகவரியை எல்லோருக்கும் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தன் போனைக் காட்டினார், அதேதான். மகள் வேறு முகவரியைப் பெட்டியில் அடித்திருக்கிறாளே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பார்த்துவிட்டுமா இதை அனுப்பினீர்கள்?

அவர் குரலை உயர்த்தவில்லை. "நல்ல நேரத்துல கற்பூரம் காட்டித் தெறந்தது இதுதானம்மா. அந்த இன்னொண்ண எப்பத் தெறந்தீங்க? வெள்ளிக்கிழம நாலு மணிக்கு. எமகண்டம். சொந்தக்காரங்களுக்கு அதையா அனுப்புவேன்?"

முகவரியில் உன் ஆபீஸ் பேர் இருந்தது, நீதானே செய்தாய், அதனால் இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். லோக்கல், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன், எத்தனை தடவை சொன்னேன், ஒத்திகைக்கு வைத்ததை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் நான் என்ன செய்ய முடியும் என்று கத்தினேன். கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் கையைப் பிடித்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா, மேல அந்தச் செவப்புப் பட்டை இருந்திருந்தா அத்தை ஆர்டர் போட்டிருப்பாங்களா?"

போட்டிருக்க மாட்டாள். ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள். கேசரிக்கும் லாரிக்காரன் போனுக்கும் நடுவில் நான் மாற்றி வைக்காமல் வந்த அந்த ஒரு வரி, இத்தனை வாரமாக "இல்லை" என்றே நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது. பெரிய ஏற்பாட்டுக்காரி என்று நினைப்பு வேறு.

ஆர்டர்கள் எல்லாம் விடிகாலை நகலில் அழிந்துபோயின. ஆனால் மெயில்கள் அழியவில்லை. ஸ்டேஜிங்கின் மெயில்கள் வெளியே போகாமல் விழுகிற அந்த டம்மி பெட்டியை நான் மாதக்கணக்கில் திறந்ததில்லை. கல்லாவுக்குப் பக்கத்துப் பலகையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். வரிசையாக இறங்கியது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர், மும்பையில் கடை வைத்திருக்கும் சித்தப்பா, மாப்பிள்ளையூரணி. எல்லாம் சொந்தம், எல்லாம் அண்ணாச்சி அனுப்பியதைப் பார்த்து வந்தது. ஐம்பதுக்கு மேல் இருந்தது. ஒருவருக்கும் பதில் போகவில்லை.

மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் பெயரும் நம்பரும் வாசித்தேன், அவள் எழுதினாள். பாதி தூரம் வந்திருப்போம். ஒரு ஆர்டர், அரைக் கிலோ. முகவரி சாத்தான்குளத்துப் பழைய வீடு. அது பூட்டிக் கிடக்கிற வீடு என்றாள் அவள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு எழுத்து. குறிப்பில் "அவசரம் இல்லை" என்று இருந்தது. நம்பரை வாசித்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

கீழே போனேன். அடுத்த வாரம் அதே நம்பர், அதே அரைக் கிலோ. "போன வாரமும் ஒன்று போட்டிருந்தேன்." அதற்கும் அடுத்த வாரம் மூன்றாவது. "இந்தத் தடவையாவது கூப்பிடவும்." அது வந்த தேதியைப் பார்த்தேன். கோயம்புத்தூருக்குப் பேசு என்று அண்ணாச்சி சொன்னதற்கு முந்தின நாள்.

யாருடைய நம்பர் என்று நான் கேட்கவில்லை. முந்திரி ஏஜெண்டுகளோடு பேசுவதற்கென்று அண்ணாச்சி கல்லாப் பெட்டிக்குள் ஒரு பட்டன் போன் வைத்திருப்பார், அதன் நம்பர்தான் அது. யாரும் வாங்கவில்லையே, பிள்ளை பாவம் என்று நினைத்து, பூட்டின வீட்டு முகவரியையும் இந்த நம்பரையும் கொடுத்து முதல் ஆர்டரை அவரே போட்டிருக்கிறார். தன்னைக் கூப்பிட்டு, முட்டை சேர்த்த பண்டம் என்று தெரியுமா என்று மகள் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்திருக்கிறார். மூன்று தடவை காத்திருந்துவிட்டு, ஆர்டர் வந்தும் கூப்பிடாதவளிடம் கடையை எப்படி விடுவது என்று முடிவுகட்டியிருக்கிறார். பத்தடி தூரத்தில் பின்னறையில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். உடன்குடி அக்காளுக்கும் இந்தத் தம்பிக்கும் ஒரே பிடிவாதம்.

மகள் தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள். கல்லாப் பெட்டிக்குள் மணி அடித்தது. அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, போனைப் பார்த்து, எங்கள் பக்கம் திரும்பாமல் எடுத்துக் காதில் வைத்தார்.

"கடையிலருந்து கூப்பிடுதேன். அரைக் கிலோ மக்ரூன் போட்டிருந்தீங்க." அதற்கு மேல் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகள் வரவில்லை. "எனக்கு அது வந்து சேரவே இல்லப்பா."

வாசலில் ஒரு அம்மா ரஸ்க் விலை கேட்டாள், அவர் போனை எடுக்காமல் கையை மட்டும் காட்டி அவளை நிற்கச் சொன்னார்.

"அப்ப ஆர்டர் வந்தும் நீ கூப்பிடாம இருக்கல" என்றார், போனிடம்.

"இல்லப்பா."

போனை வைத்தார். ரஸ்க் கேட்ட அம்மாவுக்கு விலை சொன்னார். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் எப்போதும்போல் கடைக் குரல்தான்.

"ஏளா, மிச்ச நம்பரையும் வரிசையாக் கூப்பிடு. மொதல்ல ஒங்க அத்தையக் கூப்பிடு. கோயம்புத்தூருக்கு வரலன்னும் ஒரு போனப் போட்டுரு."